சதுப்புக்குப் போன பெட்டி

இதை எழுதினால் கொக்கண்ணனை நாலு பேர் கேலி பேசுவார்களோ என்று பல வருஷம் தயங்கினேன். இன்று சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அல்லாஹ் போதுமானவன்.

வளைகுடாவுக்கு வந்த அத்தனை தமிழர்களிலும் தங்கத்தின் விலை தெரியாத ஒரே ஆள் கொக்கண்ணன்தான். அவர் ஜெபல் அலி துறைமுகத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டினார், நான் மளிகைக்கடையில். கராமாவில் இன்னும் நாலைந்து பேரோடு இருவருக்கும் ஒரே ரூம். வெள்ளிக்கிழமை நாங்கள் துணி துவைத்து, சோறாக்கி, ஊருக்குப் பேசுவோம். அவர் பைனாகுலரோடு பூநாரை பார்க்கப் போவார்; அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். ஜும்ஆ முடித்து ஒருநாள் நானும் மாட்டிக்கொண்டேன்.

“அசையாதீங்க பாய். நாம மரம்.”

“அண்ணே, மரத்துக்கு இப்படி வேர்க்குமா?”

“மரம் பேசாது பாய்!”

ஆனால் அவர் உயிர் தவித்ததெல்லாம் ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு பறவைக்கு. ஜாம்பியாவில் ஆள் அதிகம் போகாத சதுப்பு. அங்கே மரச்செருப்பைக் கவிழ்த்தது போல அலகுள்ள பறவை ஒன்று அரை நாள் அசையாமல் நிற்குமாம். மற்றவர்கள் போனில் பிள்ளை படம் காட்டுவது போல் அவர் அதைக் காட்டுவார்.

ஒருநாள் கம்பெனி அவர் விசாவைக் கேன்சல் செய்தது. “ஊர்ல இறங்கிட்டா அப்புறம் நகர முடியாது பாய். போற வழியில பாத்துட்டுப் போயிடுறேன்” என்றார். திருச்சிக்குப் போகும் வழியிலா இருக்கிறது ஜாம்பியா!

அதைவிட வேடிக்கை, ஊருக்கான அட்டைப்பெட்டியையும் கூடவே தூக்கியது. பால்பவுடர், சோப்பு, தைலம், மனைவிக்குச் சேலை. ரூமே கூடிக் கயிறு கட்டினோம். நாலு பக்கமும் ‘திருச்சி’ என்று எழுதிப் பழகிய என் கை ‘ஜாம்பியா’ என்று எழுதத் தடுமாறியது.

“சதுப்புல பெட்டிய எங்கண்ணே வைப்பீங்க?”

“வெறுங்கையோட வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?”

பிறகு அவர் சொல்லித்தான் தெரியும்: சதுப்பில் கிடைத்தது ஒல்லியான ஓடம். ஏறும் கரை வேறு, இறங்கும் கரை வேறு; பெட்டியை விட்டுப் போனால் திரும்பி வந்து எடுக்க வழியில்லை. ஓடக்காரர் பெட்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ஒற்றை விரலைக் காட்டினார். இரண்டில் ஒன்றுதான். பெட்டி இல்லாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. பெட்டிதான் முக்கியம் என்றால் பறவை இந்த ஜென்மத்தில் கிடையாது. கரையில் உட்கார்ந்து யோசித்தவர், கடைசியில் கயிற்றை அறுத்து மீனவர் வீடுகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். சேலையையும்!

பிறகு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தண்ணீர்ச் சத்தம். மூச்சுச் சத்தம். “நிக்குது பாய். என்னையே பாக்குது. நீங்க பக்கத்துல இல்லியே பாய்.” அவ்வளவுதான். கடையில் ஆள் நிற்கும்போதே என் கண் நிறைந்துவிட்டது.

அவர் ஊர் சேர்ந்ததும் பயந்து பயந்து போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

“வெறுங்கையோட வந்து நிக்கிறாரு பாய்ண்ணே. ஊரே சிரிக்குது.”

“மன்னிச்சுக்கம்மா...”

“விடுங்கண்ணே. இப்படி ஒரு மூஞ்சிய நான் கல்யாணத்தன்னிக்குக்கூடப் பாக்கல. அந்தப் பறவை நல்லா இருக்கட்டும்.”

இதை யாருக்காவது சொல்வதானால், பறவை அவர் தோளில் வந்து உட்கார்ந்தது என்றெல்லாம் கூட்டிவிடாதீர்கள். அது நின்றது, அவர் பார்த்தார். அப்படியே சொல்லுங்கள். என் துஆவில் என் பிள்ளைகளுக்கு அடுத்து அவர் வந்துவிடுகிறார், நான் அழைக்காமலே.