லைட் ஏன் மினுக்குது?

காது கேட்காதவர்களுக்காகப் பேசுவதற்கென்றே பிறவி எடுத்த ஓர் இனம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது அத்தானின் அண்ணன். அக்காவின் குழந்தை கூப்பிட வேண்டிய முறைப்படி எங்கள் எல்லாருக்குமே அவர் பெரியப்பா. என் அக்காவுக்கும் அத்தானுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயது மகளுக்கும் அப்படித்தான். மூன்று பேரும் கையால் பேசுவார்கள், கையால் சண்டை போடுவார்கள், பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் சமாதானமாக இருப்பார்கள்.

குழந்தைக்கு ஆபரேஷன் செய்து காதில் கருவி பொருத்தலாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரியப்பா புதன்கிழமையே வந்துவிட்டார்.

இந்த இனம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கு எதிர்வெயிலில் முகமே தெரியாது. புரியவில்லையா? இன்னும் கொஞ்சம் கத்தும். போன மாதம் "இது குறை. குறைன்னா சரி பண்ணணும்" என்று மேஜையைத் தட்டியவர், நடுவில் எங்கோ ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, "குறைன்னு யார் சொன்னா? அது தனி மொழி, தனிப் பண்பாடு. ஆபரேஷன் பண்ணி அதை அழிக்கப் பாக்கறீங்க" என்று அதே மேஜையைத் தட்டினார். அந்த மொழியில் ஒரு 'வாங்க' சொல்லத் தெரியுமா என்று கேட்காதீர்கள். பண்பாட்டைக் காப்பாற்றவே அவருக்கு நேரம் போதவில்லை.

நான் சும்மா இருந்தேனா? "நாளைக்கு அவ தனியா ரோட்டைத் தாண்டணுமே பெரியப்பா" என்று எதிர்க்கட்சியானேன். அந்தக் கூடத்தில் காது, கைமொழி இரண்டும் உள்ளவன் நான் ஒருவன்தான். மொழிபெயர்க்க வேண்டிய என் கைகள் காற்றில் வாதாடிக்கொண்டிருந்தன. பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகும் நாங்கள் ஓயவில்லை.

விளக்கு அணைந்து எரிந்தது.

"லோ வோல்டேஜ்" என்றார் பெரியப்பா.

மறுபடியும்.

"ஒயரிங் பழசு. நாளைக்கே எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லு."

மூன்றாம் முறைதான் திரும்பிப் பார்த்தேன். அக்கா சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றாள். 'கொஞ்சம் நிறுத்துங்க, நான் பேசணும்' என்பதற்கு அக்கா இருக்கும் எந்த வீட்டிலும் அதுதான் முறை. எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

அவள் கைகள் சொன்னதை வாய்விட்டுச் சொன்னேன். "கருவி வைக்கப்போறோம். கைமொழியையும் விடப்போறதில்லை. டாக்டர்கிட்ட காலையிலயே சொல்லியாச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா சுவிட்சைத் தட்டறேன்."

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு தெளிவா பேசறா பாத்தியா?" என்றார். என்னிடம்.

நீங்கள் அந்த ரகமில்லை, தெரியும். இரண்டு பக்கமும் யோசித்து நிதானமாகப் பேசுகிறவர். இருந்தாலும், இதைப் படித்து முடித்துவிட்டு யாரிடமாவது "என்னைக் கேட்டா..." என்று நீங்கள் ஆரம்பிக்கும்போது விளக்கு மினுக்கினால், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுமுன் சுவிட்ச் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.