பொதுக்கூரைக்குப் போன பன்னிரண்டு ஓடுகள்

தூறல்நாடு என்றொரு நாடு இருந்தது. வருடத்தில் ஐந்து மாதம் மழை பெய்யும் அந்த நாட்டில், மக்கள் வரியைக் கூரை ஓடுகளாகச் செலுத்தினார்கள். சித்திரை பிறந்ததும் அரண்மனை ஆட்கள் ஏணியோடு வந்து வீட்டுக்கு இருபது ஓடு கழற்றிக்கொண்டு போவார்கள். உண்மையில் ஒரு வீட்டுக்கு உரிய வரி எட்டு ஓடுதான். ஆனால் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு யோசிப்பதே அந்நாட்டின் நிர்வாக மரபு. யோசித்து முடித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் மீதிப் பன்னிரண்டையும் திருப்பித் தந்துவிடுவார்கள். போன எட்டை மட்டும் மக்கள் அரசுச் சூளையில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு ஓடு கேட்டாலும் சூளையில் கிடைக்காது.

சடையப்பன் வீட்டிலும், எட்டை வாங்கிப் போட்டது போக, கூரையில் பன்னிரண்டு ஓடு அளவுக்கு ஓட்டை இருந்தது. கோடை முழுவதும் அதன் வழியே வெயில் விழும். அவன் மனைவி குழலி அந்த வெயிலில், நடுவீட்டிலேயே மிளகாய் காயவைப்பாள். இந்த வருடம் மட்டும் அவளுக்கு அந்த ஓட்டையைப் பார்த்தால் பயமாக இருந்தது. அவளுக்குக் கார்த்திகையில் பிரசவம். தொட்டில் கட்டும் அளவுக்கு வலுவான உத்திரம் அந்த வீட்டில் ஒன்றுதான். அதற்கு நேர் மேலே இருந்தது ஓட்டை.

"இன்னும் பதினைஞ்சு நாள்ல ஓடு வந்துடும். எதுக்கு எப்பப் பார்த்தாலும் அண்ணாந்தே உட்கார்ந்திருக்க?" என்றான் சடையப்பன்.

"நான் எங்க பார்க்கறேன்? உங்க புள்ளதான் பார்க்குது. உதை வாங்கறது நான்."

அதே நேரத்தில் அரசவையில் அமைச்சர் நன்மைநாதர் எழுந்தார். "மன்னா! திருப்பித் தரும் பன்னிரண்டு ஓடுகளை வைத்து ஒரு குடிமகன் என்ன செய்கிறான் என்று விசாரித்தேன். சொல்லவே கூசுகிறது. தன் வீட்டு ஓட்டையை அடைக்கிறான்!"

"தன் வீட்டையா?" மன்னர் திடுக்கிட்டார். "நாட்டை நினைப்பதே இல்லையா?"

"நாற்பதாயிரம் வீட்டு ஓடுகளை ஒன்றாகச் சேர்த்தால், நாட்டுக்கே ஒரு பொதுக்கூரை போடலாம்."

மக்களைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்பதில் மன்னர் உறுதியாக இருந்தார். மறுநாளே மைதானத்தில் கருத்துக்கேட்பு நடந்தது. அன்று பார்த்து மழை முந்திக்கொண்டு கொட்டியது. வந்தவர்கள் எல்லோரும் முறம், சாக்கு, பாய் என்று கிடைத்ததைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம்!" என்று அறிவித்தார் அமைச்சர்.

எழுத்தர் எண்ணினார். மக்கள்தொகையைப் போல் இரண்டு மடங்கு ஆதரவு இருந்தது.

"ஐயா, மழைக்காகத்தாங்க தூக்கியிருக்கோம்!" என்று கத்தினான் சடையப்பன்.

"காரணத்தை எழுதும் வழக்கமில்லை. கையை மட்டும்தான் எழுதுவோம்" என்றார் எழுத்தர்.

அந்த மைதானத்திலேயே பொதுக்கூரை வேலை தொடங்கியது. ஓடு இருந்தது, உத்திரம் இல்லை. வீட்டுக்கு ஓர் உத்திரம் தர வேண்டும் என்று இரண்டாவது ஆணை வந்தது. மேலே ஓடு இல்லாத உத்திரம் சும்மாதானே கிடக்கிறது என்று விளக்கமும் வந்தது. சடையப்பன் வீட்டுத் தொட்டில் உத்திரம் அப்படித்தான் போனது. மழையில் வீட்டில் இருக்க முடியாமல் ஜனங்கள் மைதானத்துக்குக் குடிவந்தார்கள். உடனே மூன்றாவது ஆணையும் வந்தது: காலியாகக் கிடக்கும் வீடுகளுக்குக் கூடுதலாக இருபது ஓடு வரி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொதுக்கூரை ஒழுகவில்லை. குடும்பத்துக்கு ஒரு பாய் இடம் கிடைத்தது. கார்த்திகையில் நான்கு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, அங்கேதான் குழலிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"உங்க மூக்குதான்" என்றாள் குழலி.

"பாவம், பொண்ணாச்சே" என்றான் சடையப்பன். ஆனால் நாள் முழுக்க அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தை பிறந்த பதினோராம் நாள் மன்னர் வந்தார். மைதானத்தின் நடுவே சிம்மாசனம் போட்டார்கள். அதற்கு மேல் குடைக்காரன் வெண்குடை பிடித்தான். திருப்பித் தரும் ஓடுகள் இனி என்றென்றும் பொதுவுக்கே என்ற தீர்மானத்தை வாசித்த அமைச்சர், "ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம்!" என்றார்.

வெளியே நல்ல மழை. கூரைக்குள் ஒருவரும் நனையவில்லை. ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒருவன் தலையைச் சொறிந்தான். எழுத்தர் ஒன்று என்று குறித்துக்கொண்டார்.

"மன்னா, குறை மக்களிடம் இல்லை, கூரையில்" என்று கிசுகிசுத்தார் அமைச்சர்.

"ஒழுகுகிறதா?"

"ஒழுகவில்லை. அதுதான் குறை."

ஏணிகள் வந்தன. ஆட்கள் ஏறி ஓடுகளை மளமளவென்று கழற்றினார்கள். மழை நேராக உள்ளே இறங்கியது. முறமும் சாக்கும் பாயும் பழையபடி தலைக்கு மேல் போயின. எழுத்தர் மகிழ்ச்சியோடு எண்ணி முடித்து, சட்டென்று முகம் வாடினார்.

"பிரபு, ஏகமனதாக இல்லை. இரண்டு கை குறைகிறது."

குழலி குழந்தையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். சடையப்பன் இருவருக்கும் மேலே முறத்தைப் பிடித்திருந்தான். முறம் ஒழுகியது.

அமைச்சர் அவளிடம் வந்தார். "அம்மா, நீங்கள் பொது நன்மைக்கு எதிரியா?"

"இல்லீங்க. புள்ளய வச்சிருக்கேன்."

"கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தலாமே. ஒரு நிமிட வேலை."

"எங்கங்க வைக்கறது? ஈரமில்லாத இடமா ஒண்ணு காட்டுங்க, வைக்கறேன்."

நியாயமான கோரிக்கைதான். அமைச்சர் மைதானம் முழுவதும் பார்த்தார். அவர் கண் ஓர் இடத்தில் நின்றது. எல்லோர் கண்ணும் அங்கேதான் நின்றது.

"மன்னா, ஒரே ஒரு நிமிடம். இரண்டே இரண்டு கை" என்று பணிந்தார்.

மன்னர் எழுந்து ஒதுங்கினார். குழலி குழந்தையைச் சிம்மாசனத்தின் பட்டு மெத்தையில் கிடத்தினாள். குடைக்காரன் அசையவில்லை. குடை சிம்மாசனத்துக்கு நேராக இருக்க வேண்டும் என்பதுதான் அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை.

"இப்போது உயர்த்துங்கள், அம்மா!"

குழந்தை சிணுங்கியது. குழலி உயர்த்தப்போன கையால் அதன் துணியை இழுத்துவிட்டு, இன்னொரு கையால் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.

அதற்குள் கிரீடத்தின் வழியே மழை வழிந்து மன்னரின் கண்ணை மறைத்தது. அவர் பொறுத்துப் பார்த்தார். முடியாமல் போகவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"கிடைத்துவிட்டது, பிரபு!" எழுத்தர் துள்ளினார். "குறைந்த இரண்டு கையும் கிடைத்துவிட்டது. ஏகமனதாக நிறைவேறியது!"

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் தூங்குறா" என்றாள் குழலி.