ஓம் சொன்ன கலஹாக்காரன்

"நீங்கள் யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று நிஷாந்தினி கேட்டபோதே மோகனராஜ் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"டவுனுக்குக் கிட்டத்தான். நீங்கள்?"

"கிளிநொச்சிப் பக்கம்."

மோகனராஜ் கலஹாக்காரன்; கண்டிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஊர். கண்டியில் அவன் வேலை செய்த புடவைக்கடையில், வருகிறவர்களின் பேச்சிலேயே பேசினால்தான் சேலை நகரும். தோட்டத்துச் சனத்துக்கு "வாங்கக்கா", முஸ்லிம் பெண்களுக்கு "வாங்க ராத்தா", வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு "ஓம், வாங்கோ". நிஷாந்தினி வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் வடக்குக்காரர் ஒருவருக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தான்; வாயில் இருந்தது மூன்றாவது. அவளும் அதே பேச்சில் பேசினாள். அன்றே மனம் போய்விட்டது. வடக்குப் பெண்ணிடம் கலஹாத் தமிழ் எடுபடுமா?

பொங்கல் வந்தது.

"ஊருக்குப் போனால் பனங்கட்டி கொண்டு வாறீங்களோ?" என்றாள் நிஷாந்தினி.

"ஓம்."

பொங்கலைக் கலஹாவில் கழித்துவிட்டு, கண்டி மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்தான்.

"அம்மா செய்ததோ?"

"ஓம்."

"அப்ப அம்மாவுக்கு நன்றி சொல்ல வேணும்."

அந்த நேரம் பார்த்து அவன் அம்மாவின் அழைப்பு வந்தது. நிஷாந்தினி பக்கத்திலேயே நின்றாள்.

"அம்மா, நான் பிறகு எடுக்கிறன். இப்ப கடையில நிக்கிறன்."

"யாருங்க பேசுறது? எங்க மோகன்கிட்ட போனைக் குடுங்க" என்றாள் அம்மா.

அவன் துண்டித்தான். "அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"பாவம்" என்று அவள் சொன்னாள். அந்த ஒரு சொல்லின் பரிவை நினைத்து நினைத்து அவனுக்குத் தூக்கம் போனது.

மாலையில் கலஹா பஸ் ஏறியதும்தான் அவனுடைய பேச்சு அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். ஜன்னலோரம் சாய்ந்து, "சாப்பிட்டியா நிஷா?" என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பான். தன் வீட்டுப் பேச்சில் அவளை ஒருநாளாவது கூப்பிட வாய்க்குமா?

"நாளைக்கு அம்மா வாறா. உங்களைப் பார்க்க வேணுமாம்" என்றாள் நிஷாந்தினி, தரையைப் பார்த்தபடி.

இரவெல்லாம் உண்மையை ஒத்திகை பார்த்தான். மறுநாள் அந்த அம்மா கடைக்குள் வந்ததும் ஓடிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டான். வாயைத் திறந்தால் யாழ்ப்பாணப் பேச்சேதான் வந்தது.

"வாங்கோ அம்மா, இருங்கோ. நான் ஒண்டு சொல்ல வேணும்."

அவர் மகளைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தா இருக்கிற வத்தேகமயிலருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வர்றேன் தம்பி. ஒங்களுக்குப் புடிக்கணும்னு இவ வீட்லயும் இப்படியேதான் பேசுறா, எங்களுக்குப் பாதி வெளங்கல. நீங்களாச்சும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."