ஆலயப் புல்லுக்குத் தண்ணீர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஜூன் 14, திங்கள், காலை ஐந்தரை மணி. நனைந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இன்று காலைதான் உங்களைப் பார்த்தேன். நலமாகத்தான் இருந்தீர்கள், காய்ந்த உடையில்.

லாபம் இரட்டிப்பு என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த அதே வாரம் பிஸ்கட் கம்பெனி முதலாளி பேக்கிங் பிரிவைப் பூட்டினார். கம்பெனி வாசலில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் கிளப்பியது. போக்கிடமில்லாமல் நம் ஆலய வளாகத்துக்கு வந்தார்கள். புதன்கிழமை முதலாளி பேச வருகிறார். அதுவரை கலையாமல் இருந்தால்தான் வேலை திரும்பும். கலைந்தால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா. உங்கள் அண்ணன் மகள்.

நேற்று ஏழைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தீர்கள். முதல் வரிசையில் முதலாளியே கண்ணைத் துடைத்தார். மாலையில் சபைப் பொருளாளர் என்னைக் கூப்பிட்டு, முதலாளி காணிக்கையாகப் போட்டுக்கொடுத்த புல்வெளித் தெளிப்பான்களை மதியத்திலிருந்து காலை ஐந்தரைக்கு மாற்றச் சொன்னார். வெயிலுக்கு முன்னால் பாய்ச்சினால் தண்ணீர் மிச்சம், நல்ல யோசனை சார் என்று பாராட்டிவிட்டு மாற்றிக் கொடுத்தேன். என் படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட. பகலில் புல்லில் உட்கார்ந்தாலும் ராத்திரி ஆலயக் கூடத்துக்குள் படுக்க விட்டிருப்பீர்கள் என்று நம்பியிருந்தேன். இன்று விடியலில், புல்லிலேயே படுத்திருந்த அக்கா போன் பண்ணினாள். “டேய், மழைன்னு நெனச்சு பெருசுங்க ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம்தான் பார்த்தோம், மழை கீழேர்ந்து மேல பெய்யுது. உன் வேலைதானே?”

ஓடி வந்தேன். டைமர் பெட்டிச் சாவியும் கூடத்துச் சாவியும் பொருளாளரிடம். அவர், “யாரையும் வெரட்டலப்பா, புல்லுக்குத் தண்ணி விடுறோம், அவ்வளவுதான்” என்றார். குழாயை அறுக்கிறேன் என்றேன். ஜன்னல் வழியாக நீங்கள், “பொறுடா, சபைச் சொத்து. நான் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவானவன்” என்றீர்கள். சித்தப்பா, நான் வால்வு மாட்டுகிறவன். திறந்த வால்வு தெரியும், மூடின வால்வு தெரியும், பொதுவான வால்வு எந்தக் கடையிலும் கிடைக்காது. அறுபது வயசு அம்மா ஒருத்தங்க ஈரத்துணியோட நடுங்குறாங்க, நீங்க ஜன்னலைச் சாத்துறீங்க. இதைக் கோழைத்தனம்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? இனி ஆலயத்தில் மைக் இரைந்தாலும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

சித்திக்கு என் அன்பு. ஆண்டவர் உங்களைக் காப்பாராக. மற்றவர்களை யார் காப்பது என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, கோபம் தணியாத
அண்ணன் மகன்

பின்குறிப்பு: செவ்வாய், காலை ஐந்தரை. கடிதத்தை உங்கள் வாசலில் போட்டுவிட்டுக் குழாயை அறுக்கலாம் என்று ஹாக்ஸா பிளேடோடு வந்தேன். பதினொரு தெளிப்பான்கள் பாய்ந்துகொண்டிருந்தன. பன்னிரண்டாவதன் மேல் வெள்ளை அங்கியோடு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் அந்த அம்மா நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். “நான் எந்திரிச்சா அவங்க மேல அடிக்கும்டா. நிக்காத, போய் அறு” என்றீர்கள். வேலை போன பிறகு அக்கா சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

ஆகவே மேலே எழுதியது முழுவதும் ரத்து. இனி நான் செய்யப்போவது:

1. குழாயை அறுத்தாயிற்று. சபை கேட்டால், போதகர் சொன்னார் என்பது.
2. ‘கோழைத்தனம்’ என்ற சொல்லை அடிப்பது.
3. உங்களுக்கு மாற்றுடை வாங்கிவரச் சித்தியிடம் போய்த் திட்டு வாங்குவது.
4. பொருளாளர் புதுக் குழாய் போட்டால், நாளை ஐந்தரையிலிருந்து முதலாளி வரும்வரை அடுத்த தெளிப்பான் மேல் நான் உட்கார்ந்திருப்பது. மீதிப் பத்துக்குச் சபையிலிருந்து ஆள் எழுப்புவது உங்கள் பொறுப்பு.