ஜாதகம் பார்த்ததால் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டரும் ‘போச்சு’ அண்ணனும்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆரணியில் கம்ப்யூட்டர் வாங்கிய அத்தனை குடும்பமும் ஒரே மனிதரின் முன்னால் ஒருமுறையாவது கண் கலங்கி நின்றிருக்கும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் ‘போச்சு’. எந்தக் கம்ப்யூட்டரைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். நேரில் மட்டும் எல்லோரும் மரியாதையாக அண்ணே என்போம்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் ஒரு திருப்புளி, ஒரு பழைய டூத் பிரஷ், பத்துப் பன்னிரண்டு சிடி. வந்ததும் சிபியூவின் மேல் புறங்கையை வைத்து ஜுரம் பார்ப்பார். பிறகு வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டி, “போச்சு” என்பார்.

களம்பூரில் ஒரு ரைஸ் மில்காரர் வீட்டில் அவர் இப்படிச் சொன்னபோது, அந்த அம்மா “ஐயோ, போச்சா!” என்று வைத்த சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. உடம்பு முடியாமல் படுத்திருந்த பெரியவர்தான் போய்விட்டார் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரர் டீக்கடை பெஞ்சைத் தூக்கிவந்து வாசலில் போட்டார். யாரோ மாலை வாங்க சைக்கிளில் கிளம்பியும் விட்டார்கள். பெரியவரோ கூட்டம் எதற்கென்று விசாரித்தபடி எழுந்து வெளியே வந்தார். அதற்குள் போச்சு அண்ணன் மேஜைக்கு அடியில் குனிந்து, கழன்று கிடந்த பிளக்கைச் சொருகிக் கம்ப்யூட்டரை ஓடவிட்டிருந்தார்.

“ஏண்ணே, இதுக்கா போச்சுன்னீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மொதல்லயே போச்சுன்னு சொல்லிட்டா மனசு அதுக்குத் தயாராயிடும் சார். அப்பறம் வர்றதெல்லாம் லாபம். வந்துடும்னு சொல்லி வராம போச்சுன்னா, அந்த மூஞ்ச யாரு பாக்கறது?”

பென் டிரைவ் என்றால் அவருக்கு ஆகாது. யாராவது நீட்டினால் தொடமாட்டார். “இது எந்தெந்த ஊட்டுக்குப் போயி வந்துச்சு? யார் யாரோட சகவாசம்?” என்று பெண்ணெடுக்க வந்தவர் மாதிரி விசாரிப்பார். சரியான பதில் வராவிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்படிப்பட்டவரை நாங்கள் அழைக்க வேண்டி வந்தது என்னால்தான்.

நான் அப்போது தாலுகா ஆபீசில் கிளார்க். வீட்டில் நானும் என் மனைவி சுமதியும் மட்டும். சுமதி பட்டுப்புடவைக்கு டிசைன் போடுபவள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அவள் வரைவதை வைத்துத்தான் முள்ளிப்பட்டு நெசவாளர்கள் துளை போட்ட அட்டை அடித்துத் தறியில் ஏற்றுவார்கள். பார்டர், புட்டா, முந்தி என்று நான்கு வருஷ உழைப்பு அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. அந்த மாதம் ஒரு கல்யாணப் புடவைக்காகப் பெரிய முந்தி ஒன்று வரைந்துகொண்டிருந்தாள். கொடியில் வரிசையாக அன்னங்கள், கீழே தாமரைக் குளம். மூன்று மாத வேலை, முடியும் தறுவாயில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “ஏங்க, இங்க வாங்களேன். நம்ம டிசைனுக்கெல்லாம் வால் மொளைச்சிருக்கு.”

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் ஏதோ புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. நாங்கள் வைக்காத ஒரு கடிதம் மட்டும் எல்லா ஃபோல்டரிலும் உட்கார்ந்திருந்தது. அது திறந்தது. உன் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் இந்த மெயிலுக்கு எழுது, பணம் அனுப்பு என்று இங்கிலீஷில் இருந்தது. சுமதி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

போச்சு அண்ணனுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கத்தினார். “நெட்டு ஒயர புடுங்கு சார்! எதையும் சேவ் பண்ணாதீங்க, புதுசா ஒண்ணும் ஏத்தாதீங்க. கம்ப்யூட்டர நிறுத்திட்டு சும்மா ஒக்காருங்க. ஜல்தி!”

பத்தே நிமிஷத்தில் மூச்சு வாங்க வந்து நின்றார். அவருடைய சொந்த சிடி ஒன்றைப் போட்டு அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வழக்கமான வார்த்தை வரவில்லை.

“யாரு கை வெச்சது?” என்றார்.

“கரண்ட் போயி போயி வந்துச்சுண்ணே” என்றேன்.

“கரண்ட் போயி வந்தா வால் மொளைக்குமா சார்? நேத்து சாயங்காலம் மெயில்ல வந்தத எவனோ தொறந்திருக்கான். இத பாருங்க. ஃப்ரீ ஜாதகப் பொருத்தம்.”

இனி மறைக்க முடியாது. “நான்தாண்ணே” என்றேன்.

“யாருக்குப் பொருத்தம் பாத்தீங்க?”

“எனக்கும் சுமதிக்கும்.”

போச்சு அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தார். “கல்யாணமாயி பன்னெண்டு வருசம் கழிச்சா?”

சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பொருத்தம் இருக்குதாமா?” என்று மட்டும் கேட்டாள்.

“அது தொறக்கவே இல்ல” என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாமா என்று அவரிடம் ரகசியமாகக் கேட்டேன். “பூட்டுனவன் திருடன். காசு வாங்கிகினு சாவி குடுப்பான்னு இன்னா நிச்சயம்? கொடுக்கலன்னா போயி சட்டைய புடிக்கக்கூட அவனுக்கு மூஞ்சி இல்ல சார்” என்றார்.

வைரஸை எடுப்பது அவருக்கு அரை மணி வேலையாக இருந்தது. ஆனால் வைரஸ் போன பிறகும் பூட்டு பூட்டாகவே இருந்தது. அதைத் திறக்கத் தனக்குத் தெரியாது, இந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். ஒரு சந்து மட்டும் மிச்சம் இருந்தது. திருடன் ஒவ்வொரு ஃபைலையும் நகல் எடுத்து, நகலைப் பூட்டிவிட்டு, அசலை அழித்திருந்தான். அழித்தது உடனே மறைந்துவிடாது, பெயர்தான் போயிருக்கும். அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்பட்டால்தான் ஒரேயடியாகத் தொலையும். அதனால்தான் போனில் அந்தக் கத்தல். மீட்பதை வேறு டிஸ்கில்தான் போட வேண்டும் என்று தன் கடை கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கையே கழற்றிக்கொண்டு வந்தார். அது இல்லாமல் கடையைத் திறக்க முடியாது. மூன்று நாள் ஷட்டர் மூடியே கிடந்தது.

மீண்டு வந்த படங்களுக்குப் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். ஆயிரக்கணக்கில் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். விளம்பரத்தில் வரும் பல்பொடி, அம்புக்குறி, எவனுடையதோ மோட்டார் சைக்கிள், என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. என் போட்டோ வந்தபோது சுமதி சட்டென்று அடுத்ததைத் தட்டினாள். இருபது குப்பைக்கு நடுவில் ஒரு பார்டர் வரும். “இது ரெட்டைப்பேட்டு பார்டர்” என்பாள். போச்சு அண்ணன் இரண்டு விரலால் தேடித்தேடிப் பெயரை அடிப்பார். சிலது திறந்தால் வெறும் கறுப்பு. அதற்கும் அவர் எழுந்து நின்று, கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு உட்காருவார்.

மூன்றாம் நாள் மதியம் அந்த முந்தி வந்தது. மேலே அன்னங்கள் அப்படியே வரிசையாக இருந்தன. பாதிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் கோடு கோடாகக் கிறுக்கல். குளம் இல்லை. தாமரை இல்லை. இன்னொரு நம்பரில் மீதி கிடைக்குமா என்று கடைசிவரை தேடினோம். கிடைக்கவில்லை.

போச்சு அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “என்ன மன்னிச்சிடு தங்கச்சி” என்றார். மஞ்சள் பையின் நுனியால் முகத்தை ஒற்றிக்கொண்டார்.

தப்பு செய்தவன் நான். மூன்று நாளாக அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிதர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. “சுமதி, என்னாலதான். மன்னிச்சிடு” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, ரெண்டு பேரும் அழுதுகினு இருந்தா மீதிக்கு யாரு பேர் வைக்கிறது? அடுத்தத தொறங்க” என்றாள்.

கல்யாணத் தேதி காத்திருக்காது. முள்ளிப்பட்டுத் தறிக்காரர் அந்தப் புடவைக்கு வேறு ஒருவரிடம் டிசைன் வாங்கிக்கொண்டார். நான்கு வருஷ வேலையில் முக்கால்வாசி வந்தது. கால்வாசி இன்றுவரை வரவில்லை. குளத்தை சுமதி மறுபடி வரைந்தாள். முதலில் வரைந்த மாதிரி வரவில்லை என்று அவளே அழித்துவிட்டாள்.

அந்த வாரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் போச்சு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. குறிப்பாக என் மேல். அந்த வார டிசைனை இரண்டு சிடியில் போடுவார். ஒன்று எங்கள் பீரோவுக்கு, இன்னொன்று அவர் வீட்டுக்கு. “ரெண்டும் ஒரே ஊட்ல இருந்தா அது காப்பியே இல்ல சார்” என்பார். மெயிலில் வந்ததை எல்லாம் திறந்து வைத்தேனா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்வார். பிறகு சாப்பிட உட்காருவார். ரசம் நன்றாக இருக்கிறது என்பதைக்கூட ஏதோ கெட்ட செய்தி மாதிரிதான் சொல்வார்.

ஆறு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருபவர்கள் குறைந்தார்கள். கடையை மூடிவிட்டு ஓசூரில் தம்பியோடு இருக்கக் கிளம்பினார். போகும் முன் தன் வீட்டில் இருந்த எங்கள் சிடி எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, பக்கத்துத் தெருவில் சுமதியின் அக்கா வீட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொன்றின் மேலும் தேதி. அதன் கீழே கோணல் எழுத்தில் ‘தங்கச்சி டிசைன்’.

அடுத்த ஞாயிறு மதியம் சுமதி மூன்று தட்டு எடுத்து வைத்தாள். நானும் மூன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.