முனிரத்தினம் மாஸ்டர் ஆன கதை

முனிரத்தினம் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

வெளியே அவர் மனைவி கங்கா கதவைத் தட்டினாள்.

"உள்ள இன்னா பண்ற? கடியாரத்தயா குளிப்பாட்டினுகீற?"

முனிரத்தினம் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். கண்ணாடியில் தெரியும் கடிகாரம் நான்கு இருபது காட்டினால் உண்மையான நேரம் என்ன என்பது கேள்வி. முள்ளைத் திருகத் திருக, நான்கு வந்தால் இருபது வரவில்லை. இருபது வந்தால் நான்கு போய்விட்டது. ஈரக் கை வழுக்கி, கடிகாரம் வாளிக்குள் விழுந்தது.

ஒரகடத்தில் கார் சீட் தயாரிக்கும் கம்பெனியில் அவர் லைன் லீடர். ஒரே மகள் நிலா ஐந்தாவது படிக்கிறாள். காஞ்சிபுரம் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் நுழைவுத் தேர்வு வைத்து ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். அதில் இடம் கிடைத்தால் பன்னிரண்டாவது வரைக்கும் கவலை இல்லை. அவர் குடியிருந்த படப்பை ஊரே டியூஷன் தேடி அலைந்துகொண்டிருந்தபோது முனிரத்தினம் மட்டும், மச்சான் வீட்டு வளைகாப்பில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "என் பொண்ணுக்கு நானே சொல்லித் தருவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நுழைவுத் தேர்வுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்.

மறுநாள் கம்பெனி கேன்டீனில், குவாலிட்டி இன்ஜினியர் சிவசங்கரிடம் சரணடைந்தார். சிவசங்கர் கணக்கை இரண்டு முறை படித்துவிட்டு மோவாயைத் தடவினார். இப்போது ஆடிட் நேரம், தலைக்கு மேல் வேலை. முதல் நாளே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் மறுநாள் சாயங்காலம் விடை வந்துவிடும் என்றார்.

சொன்னபடியே வந்தது. ஏழு நாற்பது. கீழே வழிமுறையும் இருந்தது. முனிரத்தினம் டீக்கடையில் நின்று அதை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் நடத்தினார். நிலா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சூப்பரா சொல்றீங்கப்பா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் இதே ஏற்பாடு. விடை வரும், அவர் மனப்பாடம் செய்வார், நிலா கேட்பாள். போகப்போக அவர் பாதி சொல்லும்போதே அவள் மீதியை எழுதி முடித்தாள். அவர் திணறினால் அடுத்த அடியை எடுத்தும் கொடுத்தாள். தன்னிடம் இப்படி ஒரு வாத்தியார் ஒளிந்திருப்பது தெரியாமல் இத்தனை காலம் சீட் உறை தைத்திருக்கிறோமே என்று முனிரத்தினத்துக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

கங்கா இந்தப் பெருமையைத் தெருவெல்லாம் சொன்னாள். எதிர் வீட்டு லூர்தம்மாள் உடனே தன் மகள் பிரவீனாவை அனுப்பி வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் வந்தன. இவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று யோசித்து, தான் கஷ்டமான கணக்கு மட்டும்தான் எடுப்பதாக அறிவித்தார். அதைக் கேட்டு அடுத்த தெருவிலிருந்தும் வந்தார்கள். கங்காவுக்கு சீரியல் போயிற்று. ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தை 'மாஸ்டர் வூடு' என்று சொல்லி ஆள் இறக்கினார்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் நிலாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. பார்த்து அன்றைக்கென்று சிவசங்கரிடமிருந்து விடையும் வரவில்லை. போன் செய்தால், "இன்னிக்கு ஒண்ணும் நடக்கல முனி, நீங்களே எப்படியாவது சமாளிங்க" என்றார்.

கூடம் நிறையப் பிள்ளைகள். முனிரத்தினம் கணக்கை உரக்கப் படித்தபடியே பலகையில் எழுதினார். அழித்து, இன்னும் அழகாக எழுதினார். தண்ணீர் குடித்தார். ஃபேனைக் கூட்டினார், குறைத்தார். வேர்வை நிற்கவில்லை.

"இன்னா மாஸ்டர், விடையே வரலியே" என்றாள் பிரவீனா.

அப்போது உள்ளறையிலிருந்து, போர்வைக்குள்ளிருந்தே நிலா குரல் கொடுத்தாள்.

"அப்பா, நேத்து நீங்க சொன்ன மாதிரியேதான்பா. மொதல்ல மூணால வகுத்துடுங்க."

வகுத்தார். விடை வந்தது. நேற்று எதைச் சொன்னோம் என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் காய்ச்சலிலும் மறக்காத அளவுக்குச் சொல்லியிருக்கிறோம் என்று கண் கலங்கிவிட்டது.

நிலா தேர்வு எழுதினாள். முடிவு வந்தபோது அவள் பெயர் மேலேயே இருந்தது. பிரவீனாவுக்கும் இடம் கிடைத்தது. லூர்தம்மாள் மாலையோடு வந்து முனிரத்தினத்தின் கழுத்தில் போட்டுவிட்டாள்.

மாலை கழுத்தில் விழுந்ததும் மனசு உறுத்தியது. அன்று சாயங்காலமே மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தனியாக சிவசங்கர் வீட்டுக்குப் போனார். இந்தப் பெருமை எல்லாம் உங்களுக்குத்தான் சேரவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சிவசங்கர் நெளிந்தார். சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையச் சொல்லிடறேன் முனி. அந்தக் கணக்கெல்லாம் எனக்கும் பிடிபடல. காலைல எங்க பூஜாகிட்ட குடுத்தனுப்பிடுவேன். எட்டாவது படிக்கிறா, சாயங்காலம் வரும்போது போட்டுட்டு வந்துடுவா."

முனிரத்தினம் எழுந்து, ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த பூஜாவிடம் போய் டப்பாவை நீட்டினார். என் பொண்ணுக்கு நீதாம்மா குரு என்றார்.

பூஜா இரண்டு மைசூர்பாகு எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள், எனக்குக் கணக்கே வராது. எங்க ஸ்கூல் வேன்ல நிலான்னு ஒரு குட்டிப் பொண்ணு வரும், அதுகிட்ட குடுத்தா ஒரகடம் கூட்ரோடு வர்றதுக்குள்ள போட்டுக் குடுத்துடும்."