தேவசகாயத்தின் கஞ்சித் தவம்

கஞ்சி அடிப்பிடித்த வாசனை மூக்கில் ஏறியபோது தேவசகாயம் ஜெபமாலையின் ஐந்து துயர மறையுண்மைகளில் மூன்றாவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்தால் மாதாவுக்கு மரியாதை இல்லை, எழாவிட்டால் கஞ்சிக்கு மரியாதை இல்லை. மாதாவே பெரிது என்று ஐந்தையும் முடித்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தார். அதற்குள் கஞ்சி கரியாகியிருந்தது.

எல்லாம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஆரம்பித்த வினை. அன்றாடக் கடமையை அன்போடு செய்தாலே புனிதராகலாம், பாத்திரம் துலக்குவதும் ஜெபம்தான் என்று பங்கு ஃபாதர் பிரசங்கத்தில் சொல்லித் தொலைத்துவிட்டார். கேளம்பாக்கத்து ஐ.டி. கம்பெனியில் கணக்கு அதிகாரியாகக் குப்பை கொட்டும் தேவசகாயத்துக்கு இதைவிட மலிவாக மோட்சம் எங்கே கிடைக்கும்? அன்றைக்கே வீட்டு வேலையெல்லாம் தன் தவம் என்று அறிவித்துவிட்டார். வெள்ளைத் துணிகளோடு மனைவி ரெஜினாவின் சிவப்புச் சேலையை ஊறவைத்தார். மிக்சியை மூடாமல் ஓட்டிக் கூரைக்குச் சட்னி பூசினார்.

ரெஜினாதான் ஆச்சரியம். கோவளத்தில் பிறந்தவள். அவள் வாயைத் திறந்தால் கடலுக்குள் போன படகு கரைக்குத் திரும்பும். அப்பேர்ப்பட்டவள் இப்போது எதற்கும் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். தன் புனிதம் அவள்மீதும் தெறித்துவிட்டது என்று தேவசகாயம் பூரித்துப்போனார்.

இன்றைக்கு அவர் வீட்டில் அன்பிய ஜெபம். சுற்றுவட்டாரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபித்து, தவக்காலக் கஞ்சி குடித்துக் கலைவார்கள். அன்பியத்தின் புதிய தலைவரை ஃபாதர் இன்றுதான் அறிவிக்கப்போகிறார். அந்தப் பதவிமேல் தேவசகாயத்துக்குத் தீராத ஆசை. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க.

தீய்ந்த நாற்றத்தை மறைக்க அவர் சாம்பிராணி போட்டார். போதவில்லை. இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். புகை மண்டி, அடுக்குமாடியின் தீ அலாரம் அலறத் தொடங்கியது.

கோவளத்திலிருந்து துவையல் தூக்கிக்கொண்டு வந்த ரெஜினாவின் தம்பி ஜோயல் வாசலிலேயே நின்றான்.

"இன்னா மாமா, வூடு பத்திகினு எரியுதா?"

"தவம்டா. நீ உள்ள வா."

அவனுக்கு முன்னால் வாட்ச்மேன் பூபாலன் பாய்ந்தான். நெருப்பில்லாமல் புகையாது என்பது அவன் கொள்கை. கையிலிருந்த தீயணைப்பு சிலிண்டரை மனதாரப் பீய்ச்சினான். கஞ்சி, மாதா சுரூபம், தேவசகாயம் எல்லாம் ஒரே வெள்ளை.

"நெருப்பு எங்க சார் கீது?" என்று பிறகுதான் கேட்டான்.

அந்த நேரம் பார்த்து ஃபாதரும் அன்பியக் குடும்பங்களும் உள்ளே நுழைந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ரெஜினாவைப் பார்த்தார்கள். அவள் பல்லைக் கடித்தபடி சுவரோரமாக நின்றாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

பதவி கையைவிட்டுப் போகிறதே என்று தேவசகாயத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணிமையில் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்துக்கொண்டு, கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"கஞ்சி போனாப் போகுது ஃபாதர். நீங்க சொன்னபடி கடமையைத் தவமாச் செஞ்சேன். அதோட பலனைப் பாருங்க. இந்தத் தவக்காலம் முழுக்க ரெஜினா என்னை ஒரு வார்த்தை திட்டல. வீட்டையே மனம் மாத்தினவனுக்கு ஒரு அன்பியம் பெரிசா?"

ஃபாதருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தலையை நிமிர்த்தி, ஓடாத மின்விசிறியை வெகு கவனமாக ஆராயத் தொடங்கினார்.

ஜோயலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"சும்மா இரு மாமா. உன்னிய ஓயாம திட்டுறேன்னு அக்கா ஃபாதராண்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுச்சு. ஈஸ்டர் வரைக்கும் நீ இன்னா பண்ணாலும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அக்காவுக்கு ஃபாதரு குடுத்த பரிகாரமே நீதான்."